ஸ்டியரிங் யார் கையில் இருந்தது

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, வீடு தேடி வந்து படையலில் கலந்துகொண்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் பிறந்தது, உழைத்தது, மறைந்தது என்று வரிசையாக எழுதி, கடைசியில் நன்றி சொல்லி முடிப்பது வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்துப் போட்டேன். மறைந்தது என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் என் கை பொய் எழுதியது.

உறவில் ஓராண்டாக ஒரு பேச்சு உலவுகிறது. பதினாறாம் நாள் பந்தியிலேயே அது என் காதில் விழுந்தது. “ரிடையர் ஆன மனுஷனுக்கு எதுக்குய்யா அந்தக் காரு? அவரே கழட்டி அவரே மாட்டுன ஸ்டியரிங்கு அவரையே காவு வாங்கிடுச்சி பாரு” என்றார் ஒருவர். “கையோட கழண்டு வந்துடுச்சாமே” என்றார் பக்கத்து இலைக்காரர். அதே விபத்தில் விலா எலும்பு இரண்டு உடைந்து கட்டுப்போட்டிருந்த நான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அண்ணன் மாட்டிய ஸ்டியரிங்கில் எந்தக் கோளாறும் இல்லை என்பதை இன்று எழுத்தில் சொல்கிறேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணன் ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவர். ஒரே அறை வீடு, வாசலில் பொதுக் குழாய், எப்போதும் யாராவது சண்டை போட்டுக்கொண்டிருக்கும் தெரு. எங்கள் அப்பா மர மண்டி ஒன்றில் லாரி ஓட்டினார். அண்ணனுக்குப் பதினாறு வயதும் எனக்கு ஒன்பது வயதும் ஆனபோது அந்த லாரி ஒரு புளியமரத்தில் மோதியது. அப்பா போய்விட்டார். அடுத்த மாதமே அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். கூட்டிப் பெருக்குவதில் தொடங்கி, கடைசல் லேத் பிடித்து, கருவிகள் செய்யும் டூல் ரூமுக்கே பொறுப்பாளராகி ஓய்வு பெற்றார். என்னைப் படிக்கவைத்து மாநில அரசு அலுவலகம் ஒன்றில் உட்காரவைத்தவர் அவர்தான். எனக்கு மாப்பிள்ளை பார்த்து ஓய்ந்தவரும் அவர்தான். அந்தக் கதையை விட்டுவிடலாம், அதில் தவறு முழுக்க என்னுடையது.

அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய அளவுப் பைத்தியம் தெரியும். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, நூலளவு கனத்தையும் அளந்து சொல்லும் வெர்னியர் இருக்கும். கல்யாணமான புதிதில் அண்ணி சுட்ட தோசையின் கனத்தை விளையாட்டாக வெர்னியரால் அளந்து பார்த்துவிட்டு, அன்று முழுக்கப் பட்டினி கிடந்தார். கதவு கிறீச்சிட்டால் அதைச் சரிசெய்யாமல் தூங்கமாட்டார். ‘பரவாயில்லை’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. கீழ் வீட்டில் அவர்கள் இருவரும், மாடியில் நானும் என்று முப்பது வருடம் ஓடிப்போனது.

ஓய்வு பெற்ற கையோடு அவருக்கு அந்தக் கார் கிடைத்தது. அத்திபெலேயில் பழைய லேத் ஒன்றைப் பார்க்கப் போனவர், அங்கே கொட்டகை மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். உள்ளே அறுபது வருடத்து அமெரிக்கக் கார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், நீளமான மூக்கு. வேகத்துக்காகவே செய்த வண்டி. பின்சீட்டில் கோழி முட்டையிட்டு வைத்திருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டு இன்ஜினியரோடு வந்த வண்டியாம். அமெரிக்காவில் செய்தது என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். ஓட்டுபவர் இடது பக்கம், கூட வருபவர் வலது பக்கம். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் இதில்தான் இருக்கிறது.

அண்ணிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. “எனக்குச் சக்களத்தி வேணும்னு கேட்டேனா?” என்பார். இரண்டு வருடத்தில் அண்ணன் இன்ஜினை ஓடவைத்தார், பிரேக்கை மாற்றினார், தரைத்தகட்டைப் புதிதாக அடித்தார். ஆனால் வண்டியைத் தெருவுக்கு எடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகும் ஏன் தாமதம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

“ஸ்டியரிங் ராட மாத்தணும் பாப்பா” என்றார். ஐம்பத்து நான்கு வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

“ஏண்ணா, நல்லாத்தானே திரும்புது?”

“திரும்புது. இடிச்சா?” என்று கேட்டுவிட்டு, என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். சக்கரத்தின் நடுவிலிருந்து கீழே இன்ஜின் பக்கம் போகும் தண்டைத் தொட்டுக் காட்டினார். பழைய வண்டிகளில் அது முழு நீளத்துக்கும் ஒரே இரும்பு. முன்னால் எதிலாவது பலமாக மோதினால் அந்தத் தண்டு அப்படியே பின்னால் தள்ளப்படும். பின்னால் இருப்பது ஓட்டுபவரின் நெஞ்சு.

பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. “அப்பாவ ஆஸ்பத்திரில போய்ப் பாத்தது நான்தானே. வெளிய ஒரு கீறல் இல்ல பாப்பா. தூங்குற மாதிரி இருந்தாரு. சட்டைப் பட்டன் மட்டும் நெஞ்சுல அப்படியே பதிஞ்சிருந்துச்சு.” லாரி மரத்தில் மோதி அப்பா இறந்தார் என்று மட்டுமே எனக்குத் தெரியும். எதனால் என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லையாம். பதினாறு வயதில் பார்த்ததை இத்தனை வருடம் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

அதே கம்பெனி பின்னால் செய்த கார்களில் தண்டை வேறு விதமாக அமைத்திருக்கிறார்களாம். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். இரண்டையும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஆணிகள் பிடித்திருக்கும். பலமாக மோதினால் அந்த ஆணிகள் அறுந்து, ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, தண்டு குட்டையாகிவிடும். ஆளை வந்து குத்தாது. புனேயில் ஒருவர் பிரித்து விற்ற காரிலிருந்து அப்படி ஒன்றை அண்ணன் வரவழைத்தார்.

அதை மாட்டும் வேலை நசீர் பாய் ஷெட்டில் நடந்தது. நசீர் பாய் அண்ணனின் நாற்பது வருட நண்பர். தண்டின் கீழ்முனை இணைப்புக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்தபோது, அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நம் ஊர் வழக்கப்படி நசீர் பாய் சுத்தியலை எடுத்து அதன் மேல்முனையில் இரண்டு தட்டு தட்டிவிட்டார். தண்டு உள்ளே போய் அழகாக உட்கார்ந்தது. அண்ணன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம்.

“ரெண்டே தட்டுதானே அண்ணா, என்னா ஆயிடும்? ஃபிட்டிங் கரெக்டா கீது பாருங்க” என்றிருக்கிறார் நசீர் பாய்.

அண்ணன் முழுவதையும் கழற்றிப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் ஆணிகள் அறுந்திருந்தன. ஓட்டினால் ஒன்றும் தெரியாது என்று நசீர் பாய் எவ்வளவோ சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. அதை ஓரமாகப் போட்டுவிட்டு இன்னொன்று தேட ஆரம்பித்தார். அது கிடைத்து வந்து சேர இரண்டு மாதம் ஆனது. “ரெண்டு தட்டுக்கு ரெண்டு மாசமா?” என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். புதிதாக வந்தது பழைய தண்டைவிடக் கட்டைவிரல் அகலத்துக்கு நீளமாக இருந்தது. அதற்கேற்ற பிடிப்புத் தகடுகளை அண்ணனே பீன்யாவில் நண்பர் ஒருவரின் லேத்தில் கடைந்து எடுத்துவந்தார். இந்த முறை சுத்தியலை எடுத்து நசீர் பாய் கைக்கு எட்டாத பரண்மேல் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். கையால் அழுத்தி, எண்ணெய் விட்டு, மறுபடி அழுத்தி, ஒரு சனிக்கிழமை மாலை வேலையை முடித்தார்.

மறுநாள் காலை சோதனை ஓட்டம். அண்ணி வரமாட்டேன் என்றார். நான் போனேன். அண்ணன் ஓட்ட, துமகூரு ரோட்டில் நெலமங்களா வரை ஒரு சத்தமில்லாமல் போனோம். இளநீர்க் கடையில் நிறுத்தியபோது, “பத்து நிமிஷம் எனக்குக் குடுண்ணா” என்று கேட்டேன். யாருக்கும் சாவி தராதவர். எப்படியும் முடியாது என்பார் என்ற தைரியத்தில்தான் கேட்டேன். அவர் இறங்கி, சுற்றி வந்து, வலது பக்கம் ஏறிக்கொண்டார்.

ஆம். ஓட்டியது நான்.

எழுதிவிட்டேன். இந்த மூன்று சொல்லை எழுதத்தான் எனக்கு ஒரு வருடம் ஆனது.

நான் நாள்தோறும் கார் ஓட்டுபவள், லைசென்ஸ் இருக்கிறது. வேகமாகவும் போகவில்லை. சர்வீஸ் ரோட்டில் நின்றிருந்த பஸ்ஸைத் தாண்ட வலது பக்கம் எடுத்தபோது, எதிர்த்திசையில் வரவே கூடாத ஒரு கேன்டர் லாரி பஸ்ஸின் மறைவிலிருந்து நேர் எதிரே வெளிப்பட்டது. பார்த்தேன், பிரேக்கை மிதித்தேன், இடது பக்கம் ஒடித்தேன். கேன்டர் வலது முன்பக்கத்தில் மோதியது. அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம். இடது பக்க ஸ்டியரிங்கில் பல வருடம் பழகிய கை இன்னும் ஒரு முழம் தள்ளி ஒடித்திருக்குமா? எனக்குத் தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை. தவறு கேன்டர்காரருடையது என்று போலீஸ் சொன்னது, பஸ்ஸில் இருந்தவர்களும் சொன்னார்கள். அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

என் பக்கத்துக் கதவு திறந்துகொண்டதால் என்னை முதலில் தூக்கி வெளியே கிடத்தினார்கள். வலது பக்கத்திலிருந்து அண்ணனை எடுக்க நேரமானது. “டிரைவர் ஹோக்பிட்ரு” என்று யாரோ கன்னடத்தில் சொன்னது காதில் விழுந்தது. டிரைவர் போய்விட்டார் என்கிறார்களே, நான் இங்கே இருக்கிறேனே, அப்படியானால் செத்தது நானா என்று அந்தக் கணத்தில் நிஜமாகவே குழம்பினேன். நம் ஊரில் வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் டிரைவர். பார்த்தவர்கள் அப்படிச் சொன்னார்கள், வண்டியைப் பார்க்காமலே ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் அதையே எழுதிக்கொண்டார். பெரிய மாமா என் கட்டிலருகே குனிந்து, “அவன்தானேம்மா ஓட்டுனான்?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரே ஒரு தலையாட்டல். பேசத் தெம்பில்லை, அண்ணன் இல்லை என்பதே மண்டையில் ஏறவில்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் மறுநாள் தெம்பு வந்தது. மறுவாரம் நடக்கவே முடிந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அண்ணி முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். இதற்குக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

ஆறு வாரத்துக்கு முன்பு நசீர் பாய் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். போலீஸ் திருப்பிக் கொடுத்த வண்டி அவரிடம்தான் கிடந்தது. அதுவரை அதைப் பார்க்க அவருக்கும் மனம் வரவில்லையாம். அன்றுதான் பிரித்திருந்தார். ஸ்டியரிங் தண்டை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நான்கு விரல் அளவு இறங்கியிருந்தது. எல்லா ஆணிகளும் ஒழுங்காக அறுந்திருந்தன. அண்ணன் கடைந்த பிடிப்புத் தகடுகள் நூலளவும் நகரவில்லை.

“பழைய ராடு இருந்தா உங்க நெஞ்சுல வந்திருக்கும் அக்கா. நான் தட்டுன ராடா இருந்தாலும் என்னா ஆயிருக்கும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்” என்றார்.

“என் நெஞ்சுலன்னு ஏன் சொல்றீங்க பாய்?”

அவர் ஓட்டுநர் இருக்கையைக் காட்டினார். அது முன்னால் நகர்த்தியபடியே இருந்தது, கால் எட்டுவதற்காக நான் நகர்த்தியது. “அண்ணா ஆறடி. சீட்டு இவ்ளோ முன்னால இருந்தா அவருக்கு முட்டியே நுழையாது” என்றார். தண்டைத் துணியால் துடைத்தபடி, “சொல்லிடுங்க அக்கா. அவரு வேல சுத்தமான வேல. கெட்ட பேரு வேணாம்” என்றார்.

ஒரு வருடமாக நான் மறைத்தது என் குற்றத்தை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மேஜைமேல் கிடந்தது அண்ணனின் கடைசி வேலை, அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது, அதையும் சேர்த்து மறைத்திருக்கிறேன். அப்பாவுக்கு வந்தது இன்னொருவருக்கு வரக்கூடாது என்று இரண்டு மாதம் பிடிவாதம் பிடித்த மனிதரை, ஸ்டியரிங் மாட்டத் தெரியாதவர் என்று ஊர் பேச விட்டிருக்கிறேன்.

மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையை எழுதிக் கொடுத்தேன். அதற்கு வரவேண்டியது வரட்டும், நான் தயார். அடுத்து அண்ணி. ஸ்டேஷனைவிட அதுதான் கடினம். அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையை இதுவரை எழுதி, கீழே போய் அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றேன். அண்ணி இரண்டு முறை படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரு வருஷமா தெனம் காலையில அவர் போட்டோ முன்னாடி நின்னு திட்டிக்கிட்டிருக்கேன்டி. உன் கிறுக்குத்தனத்தால என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேன்னு. என்னை ஏண்டி திட்ட விட்ட?”

மூன்று நாள் அண்ணி என்னோடு பேசவில்லை. என் சாப்பாடு மட்டும் மாடிப்படியில் மூடி வைத்திருக்கும். அந்தச் சோற்றைத் தின்பதுபோல் ஒரு தண்டனையை நான் பார்த்ததில்லை.

அந்த மூன்று நாளில்தான் இந்த நன்றிகளை எழுதினேன். என்னைத் தூக்கிக் கிடத்தி, தங்கள் துண்டை என் தலைக்குக் கொடுத்த பெயர் தெரியாத பஸ் பயணிகளுக்கும், அண்ணனை வெளியே எடுக்கப் பாடுபட்டுக் கைகளைக் கிழித்துக்கொண்ட பக்கத்து டீக்கடைக்காரருக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள்கொடுத்த பீன்யா டூல் ரூம் நண்பர்களுக்கும், ஈமக்கடனைப் பிள்ளையாக இருந்து செய்த பெரிய மாமா மகனுக்கும், வாய் திறக்கச் சொன்ன நசீர் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனைப் பற்றிப் பந்தியில் பேசியவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. உங்களைப் பேச வைத்தது என் மௌனம். இனி அப்படி யாராவது பேசினால் இந்தப் பக்கங்களைக் காட்டுங்கள்.

நான்காம் நாள் காலை அண்ணி மாடிக்கு வந்தார். கையில் என் காகிதங்கள் இருந்தன. “அச்சுக்குக் குடுத்துடு, ஒரு எழுத்து மாத்தாத” என்றார். படியிறங்கப் போனவர் திரும்பினார். “ஆஸ்பத்திரில உன்னைக் கேட்டேன், அவரு கடைசியா என்ன பேசினாருன்னு. ஒண்ணும் பேசலன்ன. அதுவும் பொய்யா?”

அதுவும் பொய்தான். அதைச் சொன்னால் யார் ஓட்டியது என்பது தெரிந்துவிடும் என்று விழுங்கியிருந்தேன். அந்த பஸ்ஸை நெருங்குவதற்குச் சற்று முன்னால், சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு அண்ணன் சொன்னது இதுதான்: “நல்லாத்தான் ஓட்டுற பாப்பா. திரும்பிப் போறப்பவும் நீயே ஓட்டு.”

அண்ணி இறங்கிய படியை மறுபடி ஏறி வந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“சொல்றப்போ சிரிச்சாரா?”

“சிரிச்சாரு அண்ணி.”